சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

2009 ஜூன் 26, வெள்ளிக்கிழமை காலை. அவிநாசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் வழக்கமாக டீ குடிக்கிற கடை. உயரத்தில் மாட்டியிருந்த டி.வி.யில் மைக்கேல் ஜாக்சன் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். கீழே ஓடிய எழுத்தில் செத்துப்போயிருந்தார்.

நம்ம நேரப்படி விடிகாலை மூணு மணி வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் உயிர் போனதால் காலைப் பேப்பரில் செய்தி இல்லை. அதனால் அன்றைக்கு டீக்கடையில் ஒவ்வொருவரும் சொந்தமாகக் கருத்துச் சொல்ல வேண்டிய நெருக்கடி. இந்த மாதிரி சந்தர்ப்பம் அடிக்கடி வாய்க்காது என்பதால் இரண்டாவது டீ சொன்னேன்.

பனியன் கம்பெனி வண்டிக்காகக் காத்திருந்த ஒரு பையன் கண் கலங்கி நின்றான். பக்கத்தில் இருந்த பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. "கறுப்பாப் பொறந்து வெள்ளையாச் செத்தவனுக்கு நீயென்னத்துக்குடா அழுவற? ஆம்பளயா பொம்பளயான்னே கண்டுபிடிக்க முடியாது." இன்னொருத்தர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார், "ஏனுங், இந்தாளு மேல சின்னப் பசங்க வெவகாரத்துல ஏதோ கேசு இருந்துச்சில்லீங்?" டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் தீர்ப்பு சொன்னார்: "செத்தவனப் பத்தி எதுக்குங் பேசிட்டு? உடுங்."

விட்டார்கள். பையன் வண்டி ஏறிப் போனான்.

நான் அப்போது கோவையில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். அன்று சாயந்திரம் ஜாக்சன் செய்தியை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வரியை யோசிக்கவே தேவையிருக்கவில்லை. விரல் தானாக அடித்தது: 'சர்ச்சைக்குரிய பாப் இசை மன்னன்...'

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த வாரம் சண்டை போடப் போகிறேன். முதல் எதிரி நானே என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது பி.காம். ட்ரையல் பேலன்ஸ் போடும்போது டெபிட் பக்கமும் கிரெடிட் பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால், வித்தியாசத் தொகையைத் தூக்கி ஒரு தனித் தலைப்பின் கீழ் வைப்பார்கள். சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தற்காலிக ஏற்பாடு. தப்பு எங்கே என்று கண்டுபிடித்ததும் அதை உரிய கணக்குக்கு மாற்றிக் காலி பண்ண வேண்டும். எங்கள் வாத்தியார் சொல்வார், "சஸ்பென்ஸ் அக்கவுண்ட் வருஷக்கணக்கா அப்படியே நிக்குதுன்னா ஒண்ணு கணக்குப்பிள்ளை சோம்பேறி, இல்லே மொதலாளி திருடன்."

'சர்ச்சைக்குரிய' என்பது பத்திரிகைக்காரர்களின் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாததை, தெரிந்தும் எழுத தைரியமில்லாததை எல்லாம் அதில் போட்டு வைப்போம். ஆள் சாகும்வரை அது அங்கேயே கிடக்கும். செத்த அன்றைக்கு, "செத்தவனப் பத்தி எதுக்குங் பேசிட்டு" என்று மொத்தத்தையும் தள்ளுபடி செய்துவிடுவோம்.

சரி, இந்தக் கணக்கில் நாம் யார் யாரைப் போட்டு வைத்திருக்கிறோம்?

சில்க் ஸ்மிதாவைப் போட்டிருந்தோம்.

1996 செப்டம்பர் 23. எனக்கு அப்போது பதினைந்து வயது. சென்னையில் அவர் வீட்டிலேயே இறந்துகிடந்தார். தற்கொலை என்று சொன்னது போலீஸ். முப்பத்தைந்து வயது. அந்த வாரம் எங்கள் ஊர் சலூனில் கிடந்த பத்திரிகைகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. புயல், தென்றல், காந்தம் என்று வானிலையும் பௌதிகமும் தலைப்பில் வந்தன. உள்ளே கண்ணீர் அஞ்சலி. அஞ்சலிக்குப் பக்கத்திலேயே, அவரைத் திட்டித் தீர்க்க எந்தப் படங்களைக் காரணமாகக் காட்டினார்களோ அதே படங்கள், இந்த முறை கலரில். செத்த பிறகும் ஓவர்டைம் பார்த்த ஒரே நடிகை அவர்தான். அதில் ஒரு பக்கத்தை, சலூன்காரர் அந்தப்பக்கம் திரும்பிய நேரத்தில் கிழித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டவன் நான். அஞ்சலிப் பகுதியைக் கிழிக்கவில்லை.

இப்போது கணக்கை எடுப்போம். விஜயலட்சுமி என்கிற பெண். ஆந்திரா, ஏலூர் பக்கம். நாலாங்கிளாஸோடு படிப்பு முடிந்துவிட்டது. சின்ன வயசிலேயே கட்டிவைக்கப்பட்ட கல்யாணத்திலிருந்து தப்பித்துச் சென்னைக்கு வந்து, நடிகைகளுக்கு முகத்தில் டச்-அப் போடுகிற வேலை பார்த்தார். வினுசக்கரவர்த்தி கண்ணில் பட்டு, 1980-ல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் சாராயக்கடைப் பெண்ணாக வந்தார். பாத்திரத்தின் பெயர் சிலுக்கு. பெயர் ஒட்டிக்கொண்டது, விடவில்லை. அடுத்த வருஷமே 'அலைகள் ஓய்வதில்லை'யில் புடவையைப் போர்த்திக்கொண்டு, தன் புருஷனிடமே கசப்பைக் காட்டுகிற பாத்திரத்தில் பாரதிராஜா அவரை நடிக்க வைத்தார். பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கண்கள் என்ன செய்தன என்று. ஆனால் அதைக் கேட்டு யாரும் அடுத்த படத்துக்கு அட்வான்ஸ் கொண்டுவரவில்லை. மற்றதைக் கேட்டுத்தான் வந்தார்கள். பதினாறு பதினேழு வருஷத்தில் நானூற்றைம்பது படம் தாண்டும் என்று கணக்குச் சொல்வார்கள்.

விலை போகாமல் டப்பாவில் தூங்கிக்கொண்டிருந்த படங்களுக்கு அவருடைய ஒரு பாட்டைச் சேர்த்தால் விநியோகஸ்தர் வந்து வாங்கிக்கொண்டு போவார் என்பது அந்தக் கால வியாபார ரகசியம். ரகசியம்கூட இல்லை, எல்லோருக்கும் தெரியும். தயாரிப்பாளருக்கு லாபம். விநியோகஸ்தருக்கு லாபம். தியேட்டர்காரருக்கு லாபம். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கேளிக்கை வரி என்று அரசாங்கம் வேறு தன் பங்கை எடுத்துக்கொண்டது. அந்த வரியில் பள்ளிக்கூடச் சுவர்கூடக் கட்டியிருப்பார்கள். பார்த்துவிட்டு வெளியே வந்தவன் "கருமம், நாடு கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டான். அவனுக்கும் லாபம்தான். பார்த்த சுகமும் கிடைத்தது, ஒழுக்கசீலன் பட்டமும் கிடைத்தது.

இந்த மொத்த வியாபாரத்தில் நஷ்டக் கணக்கில் எழுதப்பட்ட ஒரே ஆள் அந்தப் பெண். இவருக்கு நாம் வைத்த அடைமொழி, சர்ச்சைக்குரிய நடிகை. என்னங்க சர்ச்சை? அவர் யார் வீட்டைக் கொளுத்தினார்? யார் குடும்பத்து நிலத்தை அமுக்கினார்? டைரக்டர் சொன்ன இடத்தில், டான்ஸ் மாஸ்டர் சொன்ன ஸ்டெப்பை, காஸ்ட்யூமர் கொடுத்த உடையில் ஆடினார். காசு கொடுத்துப் பார்த்தது நாம். இதில் விவாதத்துக்கு உரியவர்கள் என்று யாராவது இருந்தால் அது டிக்கெட் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்ற கூட்டம்தான்.

அவர் போய்ப் பதினைந்து வருஷம் கழித்து, 2011 டிசம்பர் 2-ம் தேதி, அவர் பிறந்தநாள் பார்த்து, 'தி டர்ட்டி பிக்சர்' வெளியானது. படத்தின் பெயரை இன்னொரு தடவை படியுங்கள். 'அழுக்குப் படம்'. வித்யா பாலனுக்கு தேசிய விருது கிடைத்தது. நல்லா நடித்தார், மறுக்கவில்லை. சில்க்காக நடித்தவருக்கு தேசிய விருது, சில்க்குக்கு சலூன் சுவர். 2023-ல் 'மார்க் ஆண்டனி'யில் அவர் சாயலில் ஒரு நடிகையைக் கொண்டுவந்து ஒரு காட்சி வைத்தார்கள். தியேட்டரில் விசில் காது கிழிந்தது. அடித்தவர்களில் பாதிப் பேர் அவர் செத்தபோது பிறந்தே இருக்க மாட்டார்கள்.

எங்கள் அவிநாசிக்கு ஒரு கதை உண்டு. குளத்தில் குளிக்கப் போன இரண்டு சிறுவர்களில் ஒருத்தனை முதலை விழுங்கிவிடுகிறது. சில வருஷம் கழித்து சுந்தரர் அந்தத் தெரு வழியாக வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணச் சத்தம், எதிர் வீட்டில் அழுகைச் சத்தம். விசாரித்தால், தப்பித்த பையனுக்கு இங்கே விசேஷம், போன பையனை நினைத்து அங்கே அழுகை. சுந்தரர் பாடுகிறார், முதலை பையனைக் கொண்டுவந்து கரையில் விடுகிறது. பக்தர்களுக்கு அது அற்புதம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது ஒரு சின்ன விவரம். திரும்பி வந்த பையன், முதலை விழுங்கியபோது இருந்த வயதில் வரவில்லை. நடுவில் போன வருஷங்களின் வளர்த்தியையும் சேர்த்துக்கொண்டு வந்தான். எதிர் வீட்டுப் பையன் உயரத்துக்கு வந்து நின்றான்.

நாம் நட்சத்திரங்களை மீட்கிற விதம் நேர் தலைகீழ். நமக்குப் பிடித்த வயதில், நமக்குப் பிடித்த உடையில், நடுவில் நடந்ததையெல்லாம் முதலைக்கே விட்டுவிட்டு, ஆளை மட்டும் கரையில் எடுத்துப் போட்டுக்கொள்கிறோம்.

ஜாக்சன் விஷயத்திலும் அதுதான் நடந்தது. ஆனால் இங்கே கணக்கு வேறு. நான் சொல்ல வந்ததே இதைத்தான். இரண்டு பேரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தோமே, அது எவ்வளவு பெரிய மோசடி!

1993-ல் ஜாக்சன் மீது ஒரு சிறுவன் பாலியல் புகார் சொன்னான். அடுத்த வருஷம் பெரிய தொகை கொடுத்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், கோர்ட்டுக்கு வெளியே முடித்தார்கள். பிறகு வேறொரு சிறுவனின் புகாரில் வழக்கு நடந்து, 2005 ஜூனில் ஜூரிகள் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் அவரை விடுவித்தார்கள். 2009-ல் செத்தார். 2019-ல் வந்த ஓர் ஆவணப்படத்தில் இன்னும் இரண்டு பேர், இப்போது வளர்ந்த ஆண்கள், சிறுவயதில் எங்களுக்கும் நடந்தது என்றார்கள். குடும்பம் மறுத்தது. உண்மை யார் பக்கம் என்று அவிநாசியில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு எழுத நான் வரவில்லை. கோர்ட் விடுவித்த ஒருவரைக் குற்றவாளி என்று எழுத எனக்கு உரிமை கிடையாது. அதே மாதிரி, புகார் சொன்னவர்களைப் பொய்யர்கள், காசுக்கு அலைந்தவர்கள் என்று அழுதுகொண்டே திட்டுவதற்கு ரசிகனுக்கும் உரிமை கிடையாது.

டீக்கடைப் பெரியவர் சொன்ன குற்றச்சாட்டைப் பாருங்கள். தோல் வெளுத்துப்போச்சு, பொம்பள மாதிரி இருக்கான். ஜாக்சனுக்கு வெண்புள்ளி நோய் இருந்தது பிரேதப் பரிசோதனையிலேயே உறுதியானது. நம்மூரில் எத்தனை வீட்டில் இந்த நோய்க்காகப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, அதற்குப் போய் ஒரு மனுஷனை முப்பது வருஷம் கேலி பண்ணினோம். கேட்டிருக்கவே கூடாத கேள்வியை உலகம் முழுக்கக் கேட்டது. கேட்டே ஆக வேண்டிய கேள்வியை, அந்தச் சின்னப் பசங்க கேள்வியை, கடைக்காரர் ஒரே வார்த்தையில் மூடிவிட்டார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே லேபிள். நோயும் சர்ச்சை, மூக்கு ஆபரேஷனும் சர்ச்சை, குழந்தையின் புகாரும் சர்ச்சை. அந்த லேபிளை என் கையால் ஒட்டினேன்.

இன்னொரு தேதியைச் சொல்கிறேன். 1996 நவம்பர் 1. மும்பை அந்தேரியில் ஜாக்சன் கச்சேரி. சில்க் இறந்து முப்பத்தொன்பதாவது நாள். அழைத்து வந்தது சிவசேனா குடும்பத்து அமைப்பு. பால் தாக்கரே வீட்டுக்கே போய் ஜாக்சன் அவரைப் பார்த்தார். மேல்நாட்டுக் கலாச்சாரம் வந்து நம் பெண்களைக் கெடுக்கிறது என்று ஓயாமல் பேசியவர்கள்தான். 1993 புகார் உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனாலும் அவர்கள் அரசாங்கம் அந்தக் கச்சேரிக்குக் கேளிக்கை வரியைத் தள்ளுபடி செய்தது, அது கோர்ட் வழக்காகிப் பல வருஷம் இழுத்தது. கவனியுங்கள், நம்ம சில்க் ஆட்டத்துக்கு டிக்கெட்டுக்கு டிக்கெட் வரி வசூல். அங்கே வரி விலக்கு. ஒழுக்கம் என்பது யார் பெரிய ஆள் என்பதைப் பார்த்து ஸ்லாப் மாறுகிற வரிதான் போலிருக்கிறது.

"அப்ப பாகவதருக்கு என்னங்க சொல்றீங்க?" என்று கேட்பவர்கள் கோயமுத்தூரில் இன்னும் இருக்கிறார்கள். கேட்கவும் வேண்டும். தமிழ்நாட்டின் முதல் பாப் ஸ்டார் அவர்தானே. எங்கள் பெரியப்பா காலத்தில் அந்தக் கிராப் வைத்துக்கொள்ளாத இளவட்டம் கிடையாதாம். கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் 'சிவகவி' எடுத்த காலத்தில் பாகவதர் கார் போகிற ரோட்டில் கூட்டம் காத்து நிற்கும் என்று சொல்வார். 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, சென்னையில் மூன்று தீபாவளியைப் பார்த்தது. ஆனால் முதல் தீபாவளி முடிந்த கொஞ்ச நாளில், நவம்பரில், லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டுச் செத்தார். அந்த வருஷம் முடிவதற்குள் எம்.கே.தியாகராஜ பாகவதர் கைது, என்.எஸ்.கிருஷ்ணன் கைது. எங்கள் கோயமுத்தூர் ஸ்ரீராமுலு நாயுடுவும் வழக்கில் சேர்க்கப்பட்டு விடுதலையானார். மற்ற இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் விடுதலை.

விடுதலையாகி வந்தவரை ஜனங்கள் எப்படி வரவேற்றார்கள்? மாலை போட்டார்கள், டிக்கெட் வாங்கவில்லை. 'ராஜமுக்தி', 'அமரகவி', 'சியாமளா', ஒன்றும் பழையபடி ஓடவில்லை. 1959 நவம்பர் 1-ம் தேதி செத்தார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. செத்த பிறகு ஏழிசை மன்னர். பெரியப்பா சொல்வார், "அவர் செத்த சேதி வந்தன்னிக்கு நம்ம ஊர்ல அழுவாத ஆளில்ல தம்பி." நான் கேட்பேன், "சாகறதுக்கு முந்தி வந்த படத்துக்குப் போனீங்களா பெரியப்பா?" "அதென்னமோ போகோணும்னே தோணலியே" என்பார்.

கோர்ட் விடுவித்த மனுஷனுக்கு நாம் விதித்த தண்டனை அது. இதைச் சொன்னால் பாகவதர் ரசிகர்கள் சந்தோஷப்படுவார்கள். அடுத்ததைச் சொன்னால் கோபப்படுவார்கள். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? இன்று வரை தெரியாது. அந்தச் சாவுக்கு அழுத ஒரு தமிழரையும் நான் சந்தித்ததில்லை. "அவன் மஞ்சப் பத்திரிகைக்காரன்ங்க, மிரட்டிக் காசு புடுங்கினவன்" என்பதோடு முடித்துவிடுவார்கள். என் தொழில்காரன்தான், கேவலமான தொழில்காரன், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நட்ட நடு ரோட்டில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டவன் கணக்கைக் கிழித்துப் போட்டுவிடலாமா? ஜாக்சன் மேல் புகார் சொன்னவர்களைப் பற்றி ரசிகர்கள் பேசுவதும் இதே தொனிதான். பாடத் தெரிந்தவனுக்கு ஒரு நீதி, பாடத் தெரியாதவனுக்கு ஒரு நீதி.

பஞ்சாபில் சம்கீலா என்று ஒருத்தர். பச்சை பச்சையாகப் பாடுகிறான் என்று ஊரே திட்டியது, ஊரே கேசட் வாங்கியது. 1988 மார்ச் 8-ல் மேடையேற வந்த இடத்தில் அவரையும் கூடப் பாடிய மனைவியையும் சுட்டுக் கொன்றார்கள். யாருக்கும் தண்டனை கிடையாது. 2024-ல் நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் படம் வந்தது, எல்லோரும் உருகினோம். உருகியதோடு சரி.

"செத்தவங்களைப் பத்தித் தப்பாப் பேசறது நம்ம பண்பாடு இல்லீங்களே" என்று ஒரு வாசகர் இந்நேரம் போஸ்ட் கார்டு எடுத்திருப்பார். சரி, இப்போது வாட்ஸ்அப் என்று வைத்துக்கொள்வோம். ஐயா, நீங்கள் சமீபத்தில் ஏதாவது ஒரு இழவு வீட்டில் ஒப்பாரியை முழுசாக உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? எங்கள் பக்கத்துப் பாட்டிகள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறபோது, செத்த புருஷன் குடித்தே அழித்த தோட்டம், பங்காளிக்கு எழுதிக் கொடுத்த கிணத்துப் பாத்தியம், மருமகளை அடித்த அடி, எதையும் விடமாட்டார்கள். அத்தனையும் ராகத்தோடு வரும். அதே மூச்சில் அவன் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கக் கூட்டிப்போனதும் வரும். டெபிட், கிரெடிட் ரெண்டு பக்கமும் அங்கே எழுதப்படும், பிணம் எடுப்பதற்கு முந்தியே. செத்தவனை 'மாமனிதர்' என்று மட்டும் சொல்லவேண்டும் என்பது மைக் செட் வந்த பிறகு, இரங்கல் கூட்டம் போடக் கற்றுக்கொண்ட பிறகு வந்த பழக்கம். அதைப் போய் ஆதிகாலப் பண்பாடு என்று என்னிடம் காட்டாதீர்கள்.

துக்கப்படாதே என்று நான் சொல்லவே இல்லை. அந்தப் பனியன் கம்பெனிப் பையன் அழுதானே, அவன் அழுகையை நான் மதிக்கிறேன். அவன் பத்து மணி நேரம் ஓவர்லாக் மெஷினில் குனிந்து உட்கார்ந்துவிட்டு வந்து, ராத்திரி லைன் வீட்டு வாசலில் அந்த வழுக்கு நடையைப் பழகியிருப்பான். உடம்பு தனக்குச் சொந்தம் என்று அவனுக்குத் தோன்றிய நேரம் அதுவாகத்தான் இருந்திருக்கும். நம்ம பிரபுதேவாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோருக்கும் அந்தக் கடன் உண்டு. அதைக் கிரெடிட் பக்கத்தில் பெரிசாக எழுதுங்கள். என் சண்டை, அந்த அழுகையைக் காரணம் காட்டி அடுத்த பக்கத்தைக் கிழிக்கிறவர்களோடு.

இதில் காசு பார்க்கிறவர்கள் தெளிவாக இருக்கிறார்கள், நாம்தான் குழம்புகிறோம். ஜாக்சன் சாகும்போது தலைக்கு மேல் கடன். லண்டனில் ஐம்பது கச்சேரி ஒப்புக்கொண்டதே அதைச் சமாளிக்கத்தான் என்றார்கள். செத்த நாலாவது மாசம் ஒத்திகைக் காட்சிகளைத் தொகுத்துப் படமாக விட்டார்கள், உலகம் முழுக்க ஓடியது. உயிரோடிருந்தபோது கடனாளி, செத்த பிறகு எஸ்டேட்டுக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. தூக்கத்துக்காக மயக்க மருந்து ஏற்றிய டாக்டர் 2011-ல் தண்டிக்கப்பட்டு, 2013-ல் வெளியேயும் வந்துவிட்டார். கடன் தொல்லை என்று சில்க் சாவுக்கும் காரணம் சொன்னார்கள். சொந்தமாகப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டாராம். அவர் பாட்டுகள் இன்றைக்கும் டி.வி.யில், யூ டியூபில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வருமானத்தில் அவர் பேருக்கு ஒரு ரூபாய் எங்காவது வரவு வைக்கப்படுகிறதா?

எங்கள் கிராமம் அவிநாசியிலிருந்து கூப்பிடு தூரம். மாரியம்மன் நோம்பிக்கு அந்தக் காலத்தில் ரெக்கார்டு டான்ஸ் வைப்பார்கள். ரஜினி ஒருத்தர், கமல் ஒருத்தர், எம்.ஜி.ஆர். ஒருத்தர் வருவார்கள். அப்புறம் சில்க்காக ஒரு பெண். வருஷா வருஷம் அதே பெண்தான். ஆட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் சேலையைச் சுற்றிக்கொண்டு, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

1997 நோம்பிக்கு மைக்கில் அறிவிப்பாளர், "மறைந்த நடிகை சில்க் ஸ்மிதா அவர்களுக்கு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி" என்றார். கூட்டம் எழுந்து நின்றது. துண்டைத் தோளிலிருந்து இறக்கினவர்கள்கூட உண்டு. நிமிஷம் முடிவதற்குள் பின்னாலிருந்து ஒரு விசில். உடனே பாட்டு. அந்தப் பெண் மேடைக்கு வந்தார். முன் வரிசையிலிருந்து பத்து ரூபாய் நோட்டை ஊக்கில் குத்துகிற சாக்கில் மேடையேறிய பெரிய மனுஷரை ஊரில் யாரும் சர்ச்சைக்குரியவர் என்று சொன்னதில்லை. அவர் நோம்பிக் கமிட்டியில் இருந்தார்.

அப்புறம் ஒரு வருஷம் அந்தப் பெண் வரவில்லை. செத்துப்போச்சு என்றார் ஒருத்தர். இல்லை, சேலம் பக்கம் போயிருச்சு என்றார் இன்னொருத்தர். மௌன அஞ்சலி எல்லாம் இல்லை. வேறு ஒரு பெண் வந்தார்.

2001-ல் நான் பி.காம். கடைசி வருஷம். படிச்ச பையன்தானே என்று நோம்பிக் கமிட்டியில் பழைய கணக்கு நோட்டுகளைக் கொடுத்து ஒரு பார்வை பார்க்கச் சொன்னார்கள். மேளக்காரர் பேர் இருந்தது. பூக்காரர், பந்தல்காரர், கெடா வெட்டினவர், வாணம் கொண்டுவந்தவர், எல்லோருக்கும் அப்பா பேரின் முதல் எழுத்தோடு பேர் இருந்தது. 1997-ம் வருஷத்துப் பக்கத்தில், சவுண்ட் சர்வீஸ் வாடகைக்குக் கீழே, 'சிலுக்கு 1 ஆள் – ரூ.200' என்று எழுதியிருந்தது. கூட்டல் சரியாக இருந்தது. பச்சைப் பேனாவால் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.